அசிட்டமைடில் சிவப்பு லிட்மஸ் ஏன் நீலமாகவில்லை?

வணக்கம். எத்திலமீன், அசிட்டமைடு இரண்டிலும் அமினோ தொகுதி இருக்க, முதலாவதன் கரைசல் மட்டும் சிவப்பு லிட்மஸை நீலமாக்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சோதனையில் பிழையில்லை. எத்திலமீன் ஓர் அமீன், அசிட்டமைடு ஓர் அமைடு; அமைடை, சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் காரமென எதிர்பார்த்ததுதான் பிழை.

எத்திலமீனில் நைட்ரஜன் ஓர் ஆல்கைல் தொகுதியுடன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்டது) இணைந்திருப்பதால், அதன் தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராத இரு எலக்ட்ரான்கள்) புரோட்டானை ஏற்கத் தடையின்றி நிற்கிறது; அப்படி ஏற்பதே அதைக் காரமாக்குகிறது. அசிட்டமைடிலோ, நைட்ரஜனை அடுத்துள்ள கார்பன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பதால், அதே எலக்ட்ரான் இரட்டை உடனிசைவின் (எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் நில்லாமல் பல அணுக்களில் பரவுவது) வழியே கார்போனைல் தொகுதியின், அதாவது அந்தக் கார்பன்-ஆக்சிஜன் இணையின், பக்கம் பகிரப்பட்டுவிடுகிறது; ஆகவே அது நீரில் ஏறத்தாழ நடுநிலையாகவே இருக்கும்.

உறுதிப்படுத்த விரும்பினால், அசிட்டமைடை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் சூடாக்கி, வெளிவரும் ஆவியில் ஈரமான சிவப்பு லிட்மஸைக் காட்டுங்கள். நீராற்பகுப்பில் (அமைடு நீரால் பிளவுபடுவதில்) உண்டாகும் அம்மோனியா அதை நீலமாக்கும். கார்பைலமீன் சோதனையை (குளோரோஃபார்முடனும் காரத்துடனும் சூடாக்குவது) எத்திலமீன் போன்ற ஓரிணைய அமீன்கள் (நைட்ரஜன் ஒரே கார்பனுடன் இணைந்தவை) மட்டுமே தரும் என்றாலும், அதன் நாற்றமும் நச்சுத்தன்மையும் கருதி நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயரில் குழப்பம் வந்தால், நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனைப் பாருங்கள். பாராசிட்டமால் அமைடாவதும் அந்தக் கார்போனைலால்தான்.