சைக்கிளை எங்கே சாத்துவது?

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். இவர் மேசன் வேலை. பத்து வருடமாகக் குடி. முன்பு சாராயம், இப்போது கையில் காசில்லாத நாளில் கசிப்பு. குடியை விட்டவர்கள் ஒன்றாக இருந்து பேசும் கூட்டங்கள் இருக்கின்றனவாம். தமிழில் எங்கே நடக்கிறது? எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம், நாலு பேர் கண்டால் மானம் போய்விடும். அது வேதக்காரருடைய (கிறிஸ்தவர்களுடைய) கூட்டம் என்றும் சொல்கிறார்கள். தெரிந்த ஒருவர் ஒரு தூள் தந்திருக்கிறார். கறியில் கலந்து கொடுத்தால் குடி வெறுத்துவிடுமாம். இன்னும் கொடுக்கவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய கல்லடிப் பாலத்தில் ஒருவர் சைக்கிளைக் கம்பியில் சாத்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மாமாவின் றலி சைக்கிள் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தூள். உங்களுக்கு என்ன பைத்தியமா? அதில் என்ன இருக்கிறதென்று தந்தவருக்கே தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து டொக்டர்மார் கொடுப்பதுதான், ஆனால் குடிப்பவருக்குச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு. தெரியாமல் உள்ளே போய், மேலே சாராயமும் போனால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். புருஷனைக் காப்பாற்ற வந்த நீங்கள் பொலிஸில் நிற்பீர்கள். அதேபோல, தினமும் குடிப்பவரை அறைக்குள் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தவும் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

வேதக்காரர் கூட்டமா என்பதற்கு ஒரு வரி போதும்: கடவுள் என்று அங்கே சொல்வதை நீங்கள் மாமாங்கேஸ்வரர் என்று எடுத்துக்கொண்டாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இப்போது மானம்.

மாமா கிளாக்கர். எனக்குப் பத்து வயதிருக்கும். பொழுதுபட்டால் மாமி என்னைக் கூப்பிட்டு, 'மனே, சைக்கிளை எடுத்துக்கொண்டு வா' என்பா. மாமாவை என்று சொல்ல மாட்டா. தவறணை வேலியில் அந்தச் சைக்கிள் சாத்தியிருக்கும், கரியரில் பைல் கட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், மீன்காரர், பூசைக்குப் போகும் ஐயர், எல்லாரும் அதைக் கடந்துதான் போவார்கள். வெள்ளிக்கிழமையும் நிற்கும், சம்பள நாளில் இருட்டும் வரை நிற்கும். அப்போது போகாத மானம், தங்கச்சி, ஒரு கூட்டத்து வாசலில் சைக்கிள் நின்றால் மட்டும் போய்விடுமா? உங்கள் வீட்டுக்காரர் எந்த வேலியோரம் விழுந்து கிடந்தார் என்று உங்கள் ஒழுங்கைக்கே தெரியும். தெரியாதது ஒன்றுதான், அவர் விட நினைக்கிறார் என்பது. அதை மட்டும் பொத்திப் பொத்தி வைக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம், 'அவருக்குக் காய்ச்சல்' என்று கந்தோருக்குக் கடிதம் எழுதி எழுதி.

ஒருநாள் ஓடாவி ஒருவர் வந்தார். பழைய குடிகாரர், விட்டு நாலு வருடமாம். விறாந்தையில் இருந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மாமி தேத்தண்ணி கொண்டுவந்தா. 'பீரிசு வேணாங்கா, கிலுங்கும்' என்றார். 'இப்ப கிலுங்காது. பழக்கம் விடல்ல.'

மாமா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவரும் வருடக்கணக்காகப் பீரிசு வேண்டாம் என்றவர்தான். கை நடுங்கினால் கோப்பை கிலுகிலுக்கும், வீடெல்லாம் கேட்கும். எங்களுக்குக் காரணம் தெரியாது. ஓடாவிக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் கேட்ட கூட்டமும், அதன் பெயர் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், இப்படித்தான் தொடங்கியது. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதம்தான். வந்த வியாபாரம் கவிழ்ந்துபோச்சு, ஹோட்டலில் ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். தேவாலயங்களுக்குக் கோல் எடுத்தார். தன்னைத் திருத்த ஆள் தேடவில்லை, தன்னைப் போல ஒரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், சத்திரசிகிச்சை டொக்டர். கால் மணித்தியாலம் என்று வந்தவர் மணிக்கணக்காக இருந்துவிட்டார். இரண்டே பேர். இன்றைக்கும் சேர்வதற்குக் கட்டணம் இல்லை, விட வேண்டும் என்ற விருப்பம் போதும்.

மாமா ஒரேயடியாக விடவில்லை. ஒரு செத்த வீட்டில் திரும்பவும் தொட்டார். மறுகா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாவி வீட்டு வாசலில் அந்த றலி நின்றது. படலைக்கு உள்ளே இல்லை, வெளியே, ரோட்டைப் பார்த்து.

நீங்கள் கேட்டது இடம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். குடியை நிறுத்த மருந்தும் அங்கேதான், விட்டவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்றும் அங்கேயே விசாரியுங்கள். பஸ்ஸுக்கு முன் பேச வேண்டுமென்றால் 1926, மனநல உதவி இலக்கம். அவர் வராவிட்டால் நீங்கள் தனியே போங்கள். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே 1951இல் அல்-அனான் என்று தனியாகத் தொடங்கினார்கள், அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ்.

அந்தத் தூளை இன்றைக்கே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.