பில்லுக்கு ஏது கால்?

கேள்வி: மகள் கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் ‘வீ வில் ஃபுட் த பில்’ என்று இருக்கிறது. செலவு அவர்களுடையது என்று புரிகிறது. பாதம் என்று பொருள்படும் ‘ஃபுட்’ இதில் எப்படி வந்தது? இப்படி எழுதுவது சரிதானா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நீங்கள் புரிந்துகொண்டது சரியே. மலையின் கீழ்ப்பகுதியை நாம் மலையடி என்பதுபோல, கணக்குத் தாளின் கீழ்ப்பகுதி ஆங்கிலத்தில் ‘ஃபுட்’. மண்டப வாடகை 40,000 ராண்ட் என்றால், அதற்கு வாட் வரி 15 சதவீதம், அதாவது 6,000. இரண்டையும் கூட்டி அடியில் 46,000 என்று எழுதுகிறார்களே, அந்த வேலைக்குத்தான் முதலில் இந்தச் சொல் வழங்கியது. அடியில் எழுதிய தொகையைக் கட்டுவது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

கடையில் நமக்கு வாங்கிய ரொட்டிக்குக் காசு கொடுப்பதை யாரும் இப்படிச் சொல்வதில்லை. தொகை பெரிதாக இருக்க வேண்டும், அல்லது யாரோ செய்த செலவு நம் தலையில் விழ வேண்டும். அரசு நிறுவனங்களின் நஷ்டத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் ‘டாக்ஸ்பேயர்ஸ் ஃபுட் த பில்’ என்று போடுவது அதனால்தான். ‘வேறு வழியில்லாமல்’ என்ற முணுமுணுப்பும் பல இடங்களில் இதில் கேட்கும். ஆகவே விருந்து கொடுத்தவருக்கு நன்றி எழுதும்போது இதைத் தவிர்ப்பது நல்லது. இறந்தகாலம் ‘ஃபுட்டட்’. ‘ஃபீட்’ என்று மாற்றிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் சிக்கல் வேறு. எந்த பில்? வாடகையா, சாப்பாடா, அலங்காரமா, உடைந்த நாற்காலிக்கான பணமா? அந்தத் தொடர் எதையும் சொல்லவில்லை. தகராறு கிளம்புவது இங்கேதான். அதை எடுத்துவிட்டு, ‘த குரூம்ஸ் ஃபேமிலி வில் பே த ஹால் ஹயர் ஆஃப் 46,000 ராண்ட், வாட் இன்க்ளூடட்’ என்று எழுதச் சொல்லுங்கள். முன்பணம் யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் என்பதற்கு இன்னொரு வரி வேண்டும். சாப்பாடு தனி பில் என்றால் அதற்கும் ஒன்று.

கேள்வி: ‘பே த்ரூ த நோஸ்’ என்பதும் இதே பொருள்தானா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. அது யார் கட்டுகிறார் என்பதைச் சொல்வதல்ல. நியாய விலைக்கு மேல் கொள்ளை விலை கொடுத்ததைச் சொல்வது. டிசம்பர் விடுமுறையில் கடைசி நேரத்தில் டர்பன் கடற்கரையில் அறை தேடுகிறவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த தொடர். டேனியர்கள் வரி கட்டாதவர்களின் மூக்கை அறுத்ததால் வந்தது என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. அறை வாடகை அநியாயம், அதையும் மாமாவே கட்டினார் என்றால் இரண்டு தொடரையும் அவருக்கே சொல்லலாம்.