கைப்பேசியில் எழுதும் மாதிரித் தேர்வு போதுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஜே.இ.இ. மெயின் என்னும் பொறியியல் நுழைவுத் தேர்வுக்காகத் தினமும் கைப்பேசியில் ஓர் இணைய மாதிரித் தேர்வு எழுதுகிறாள். மாதக்கணக்காகியும் மதிப்பெண் ஏறவில்லை. பணம் கட்டி வேறொரு தேர்வுத் தொடரில் சேர வேண்டும் என்கிறாள். வீட்டில் கணினி கிடையாது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம், அம்மா. உங்கள் மகளுக்குத் தேர்வுகள் போதாமல் இல்லை. எழுதிய தேர்வைத் திரும்பிப் பார்க்கத்தான் நேரம் இல்லை. 75 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம் என்றிருக்கும் ஒரு தேர்வை முழுமையாக எழுதி முடித்தால், தவறியவற்றைப் பிரித்துப் பார்க்கக் குறைந்தது அதே அளவு நேரமாவது ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு போதும். மறுநாள் ஒரு நோட்டில், பாடமே தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் கணக்கில் பிசகியது எது, நேரம் போதாமல் தொடாதது எது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் வகைக்குப் பாடப்புத்தகம்தான் மருந்து. இன்னொரு மாதிரித் தேர்வு அதைத் தீர்க்காது. ஊகித்து எழுதிய விடைகளையும் அவள் குறித்து வைக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு என்பதால், நான்கில் இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால் ஊகிப்பது இலாபமே. ஆனால் எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளில் தெரிவுகளே கிடையாது, அங்கும் தவறுக்கு மதிப்பெண் குறையும்; ஆகவே அங்கே குருட்டு ஊகம் வேண்டாம்.

அடுத்தது கைப்பேசி. தேர்வறையில் இருப்பது கணினித் திரையும் மவுஸும்தான். எண் விடையைக்கூடத் திரையில் தோன்றும் எண்பலகையில் மவுஸால் அழுத்தியே உள்ளிட வேண்டும்; கால்குலேட்டர் கிடையாது; கணக்கைத் தாளில் போட்டுவிட்டுத் திரைக்குத் திரும்ப வேண்டும். விடையைத் தெரிவு செய்த பின் 'சேமித்து அடுத்தது' பொத்தானை அழுத்தாமல், பக்கவாட்டில் உள்ள வேறொரு கேள்வி எண்ணை அழுத்திவிட்டால், அந்த விடை பதிவாகாது. விடையளித்து, மறுபார்வைக்கும் குறித்த கேள்வி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். விடையளிக்காமல் மறுபார்வைக்கு மட்டும் குறித்தது விடையில்லாத கேள்வியாகவே நிற்கும். நன்றாகப் படித்த பிள்ளைகள் இதில் மதிப்பெண்ணை இழப்பது மனத்துக்கு வேதனையாக இருக்கிறது. இத்தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) தன் இணையதளத்தில் இதே திரையமைப்பில் மாதிரித் தேர்வுகளைக் கட்டணமின்றி வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் அங்கே கிடைக்கும். பள்ளியின் கணினி ஆய்வகத்தைச் சனிக்கிழமை காலையில் திறந்துதர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இயலாவிட்டால் மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் அமரச் செய்யுங்கள். உண்மைத் தேர்வு காலை ஒன்பது மணிக்கோ பிற்பகல் மூன்று மணிக்கோ தொடங்குவது வழக்கம் என்பதால், பயிற்சியையும் அந்த நேரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தமிழ்வழியில் படித்த நான் ஜே.இ.இ. மெயின் வினாத்தாளைத் தமிழில் தேர்ந்தெடுக்கலாமா? திருவனந்தபுரம் எங்களுக்குப் பக்கம் என்பதால் அந்த மையத்தைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.
– ஒரு மாணவர், களியக்காவிளை

பதில்: தமிழை விரும்பினால் திருவனந்தபுரத்தை விட்டுவிடுங்கள், தம்பி. தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில் மட்டுமே தரப்படுகிறது. நாகர்கோவிலை முதல் விருப்பமாகக் கொடுங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஆங்கில வடிவமும் சேர்ந்தே காட்டப்படும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. எனவே மாதிரித் தேர்வு எழுதும்போது இரண்டையும் பார்க்கப் பழகுங்கள். விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பின்னர் மாற்ற இயலாது.