தவணையைப் பார்த்து லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வீட்டிலிருந்தே பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் நேரில் வருகிறார்கள், மற்றவர்களுக்கு வீடியோ அழைப்பில் வகுப்பு. எல்லாமே என் கைபேசியில்தான் ஓடுகிறது. அதில் வினாத்தாள் அடித்து முடிப்பதற்குள் கண் எரிகிறது. தம்பி டேப்லெட் போதும் என்கிறான். கடைக்காரர் 12 மாத வட்டியில்லாத் தவணையில் புது லேப்டாப் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ரொக்கமாகக் கொடுத்தால் 5 சதவீதம் குறைப்பாராம். என் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், தேர்வு முடிந்த பிறகு இரண்டு மாதம் அநேகமாக ஒன்றுமே வராது. மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்கிறது. அதை எடுக்கலாமா, தவணையில் போகலாமா? எதை வாங்குவது?

பதில்: தவணை வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது வட்டியை விட அந்த வருமானமில்லாத இரண்டு மாதங்கள்தான். 12 மாதத் தவணை என்றால் அந்த இரண்டு மாதங்களிலும் கட்டியாக வேண்டும். ஒன்று தவறினாலும் அபராதக் கட்டணம் சேரும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும். பிறகு ஒரு நாள் பெரிய தேவைக்காகக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். நிலையான சம்பளம் வாங்குகிறவருக்குத் தவணை சமாளிக்கக்கூடிய விஷயம். உங்களுக்கு அப்படியில்லை.

'வட்டியில்லா' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். லேப்டாப்பின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 95. ஆக, நீங்கள் உண்மையில் வாங்கும் கடன் 95, 12 மாதங்களில் திருப்பிக் கட்டுவது 100. மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதால், இந்த 5 கூடுதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.6 சதவீத வட்டிக்குச் சமம். இதன் மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஏதாவது வாங்கினால் இன்னும் ஏறும். வேறொரு கடையில் '12 சதவீதம்தான், நிலையான வட்டி' என்று சொன்னால் அங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் அந்த முறையில், 12 மாதக் கடனின் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

சேமிப்பில் கை வைக்கலாம், ஆனால் ஒரு மாதச் செலவு அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பிள்ளைகள் அதிகமாக வருவார்கள் அல்லவா? அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வாங்கினால், விடுமுறை வருவதற்குள் எடுத்த தொகையைத் திரும்ப நிரப்பிவிடலாம். விடுமுறைக்குச் சற்று முன்னால் வாங்கினால், சேமிப்பும் குறைந்து வருமானமும் நின்ற நிலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல், அந்தக் கருவி உங்களுக்கு ஒரு மாதம் உழைக்க எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 100-க்கு வாங்கியது இரண்டு ஆண்டில் தள்ளாடினால் மாதத்துக்கு 4-க்குச் சற்று மேல். 150-க்கு வாங்கியது ஐந்து ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 2.5. மலிவானது எது என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

புது லேப்டாப்புகளில் மிக மலிவானவற்றை நான் அஞ்சுவது இதனால்தான். 4 ஜி.பி. ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), 64 ஜி.பி. சேமிப்பிடம் என்று அட்டையில் போட்டிருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான், எனவே விற்பவர் 'விண்டோஸ் 11 ஓடும்' என்று சொல்வதில் பொய் இல்லை. ஓடும், ஆனால் வீடியோ அழைப்பும் வினாத்தாளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் திணறும். சேமிப்பிடத்தில் பெரும்பகுதியை விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் எடுத்துக்கொள்ளும். இந்த வகைகளில் ரேம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், சேமிப்பிடமும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான வகையாக இல்லாமல் இ.எம்.எம்.சி. என்ற மெதுவான வகையாக இருக்கும். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற வழியே அடைபட்டுவிடும். உங்கள் வேலைக்கு 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

அந்த அளவு புதிதில் உங்கள் தொகைக்குள் வராவிட்டால், அலுவலகங்களில் சில ஆண்டுகள் ஓடி, பழுது பார்த்து உத்தரவாதத்தோடு விற்கப்படும் லேப்டாப்பைப் பாருங்கள். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் போன்ற வரிசைகள் அலுவலக உழைப்புக்காகவே கட்டப்பட்டவை. விசைப்பலகை நன்றாக இருக்கும், பலவற்றில் ரேமையும் பேட்டரியையும் மாற்ற முடியும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை, அது விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்கும் கருவியாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது, 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் சில்லு (பிராசசர்) என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும். சில்லின் பெயரில் ஐ5 என்பதை அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். 8250 என்று தொடங்கினால் 8ஆம் தலைமுறை, 6300 என்றால் 6ஆம் தலைமுறை. இரண்டுமே 'ஐ5' என்ற பெயரில்தான் விற்கும், ஆனால் இரண்டாவது உங்களுக்கு ஆகாது. பழைய லேப்டாப்பில் பேட்டரியையும் பார்த்தாக வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு என்று அதில் தெரியும். பாதிக்குப் போய்விட்டிருந்தால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அல்லது மாற்றித் தரச் சொல்லுங்கள். முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல்லோ நிர்வாகப் பூட்டோ மிச்சமிருக்கிறதா என்று கடையிலேயே இயக்கிப் பாருங்கள்.

தம்பி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. பேனாவால் திரையில் எழுதிக் கணக்குச் சொல்லிக்கொடுக்க டேப்லெட்டைப் போல வசதியானது வேறில்லை. ஆனால் பேனா, விசைப்பலகை, உறை மூன்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் பல நேரம் லேப்டாப் விலையை நெருங்கிவிடும். நீளமான வினாத்தாளில் பின்னங்களும் வரைபடங்களும் போடுவது அதில் சிரமம். டேப்லெட்டுக்கும் ஆயுள் எல்லை உண்டு. 2019-ல் வந்த 7ஆம் தலைமுறை ஐபேட் 2025-ல் வந்த புதிய இயங்குதளப் பதிப்பைப் பெறவில்லை. ஆண்ட்ராய்டில் ஆதரவுக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மலிவானவற்றில் அது மிகக் குறைவாகவும் இருக்கும். வினாத்தாளை வேறொருவர் அடித்துத் தருகிறார், நீங்கள் வகுப்பு மட்டும்தான் எடுக்கிறீர்கள் என்றால் தம்பி சொன்னபடியே செய்யச் சொல்லியிருப்பேன்.

எழுதிக் காட்டுவதற்கு உங்களிடம் ஏற்கெனவே கருவி இருக்கிறது. வகுப்பை லேப்டாப்பில் தொடங்குங்கள், அதே அழைப்பில் கைபேசியையும் இரண்டாவது ஆளாகச் சேருங்கள். கைபேசியின் ஒலியையும் மைக்கையும் அணைத்துவிட்டு, அதை ஒரு தாங்கியில் கேமரா கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தி, அடியில் காகிதத்தில் எழுதுங்கள். மாணவர்கள் உங்கள் முகத்தை லேப்டாப் வழியாகவும் கணக்கின் ஒவ்வொரு படியையும் கைபேசி வழியாகவும் பார்ப்பார்கள். தாங்கிக்கு ஆகும் செலவு டேப்லெட் பேனாவின் விலையில் சிறு பகுதிதான்.

வேர்டு, எக்செல் சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதே வேலைகளைச் செய்யும் லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருள் இலவசம். சமன்பாடுகளை அடிக்க அதில் தனிப் பகுதியே இருக்கிறது, தமிழிலும் அடிக்கலாம், உங்கள் கட்டண வரவுக் கணக்கையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். இதை டியூஷனுக்காக வாங்குகிறீர்கள் என்பதால், உங்கள் பெயரில் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருமான வரி கட்டுபவர் என்றால், தொழில் செலவாகக் காட்ட முடியுமா என்று வரி ஆலோசகரிடம் அந்த பில்லோடு கேளுங்கள்.

திருப்பிக் கொடுப்பதற்கான கெடு எத்தனை நாள் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு முழு வகுப்பு எடுத்துப் பாருங்கள். கேமரா, மைக், வைஃபை, எல்லா விசைகளும், யு.எஸ்.பி. துளைகளும் அந்த ஒரு வாரத்தில் சோதிக்கப்பட வேண்டும். ஏதாவது ஒன்று சரியில்லையென்றால் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.