காத்தாடி ஏன் அங்கே நிற்கிறது? காற்றாலைக் கேள்வி பதில்

ஆரல்வாய்மொழிப் பக்கம் பல ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காற்று எங்கும்தான் அடிக்கிறது. முப்பந்தலிலும் உடுமலையிலும் மட்டும் ஏன் இத்தனை காத்தாடிகள்? (மாணவி, மதுரை)

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர், அம்மா. தென்மேற்குப் பருவக்காற்று அதில் முட்டி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால்தான் கணவாயின் வாயில் இடம் பிடிக்க அத்தனை போட்டி.

ஆடியில்தான் காற்று, என் மில்லோ ஆண்டு முழுதும் ஓடுகிறது. எப்படிக் கட்டுப்படியாகும் சார்? (நூற்பாலை உரிமையாளர், கோவை)

உங்கள் தொழிலைக் காற்றாலையோடு சேர்த்து வைத்ததே 'பேங்கிங்' ஏற்பாடுதான். சீசனில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத தையிலும் மாசியிலும் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் கணக்கு முடியும். கூடவே, போட்ட பணத்தில் 80 சதவீதம் வரை முதல் ஆண்டிலேயே இயந்திரத் தேய்மானமென்று லாபத்திலிருந்து கழித்து, வருமான வரியைக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. 2012-இல் அதை நிறுத்தினார்கள், புதிய காத்தாடிகள் வருவது சரிந்தது. 2014-இல் திரும்பக் கொடுத்து, 2017-இல் 40 சதவீதமாகக் குறைத்தார்கள். காற்று அதே காற்றுதான்!

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆடியில் வாங்கி வைத்த யூனிட்டைக் கோடை நெருங்கி, மின்சாரம் விலையேறிக் கிடக்கும்போது அல்லவா திருப்பித் தர வேண்டும்? 2018 ஏப்ரலுக்குப் பின் வந்த இயந்திரங்களுக்கு இந்த ஓராண்டு வசதி இல்லை. இரு தரப்பையும் பார்த்த எனக்கு, அதை ஒரேயடியாக வெட்டியது தவறு என்றே படுகிறது. படிப்படியாகக் குறைத்திருக்கலாம்.

பலமான காற்றிலும் சில காத்தாடிகள் நிற்கின்றனவே, பழுதா? (விவசாயி, பணகுடி)

பல நேரம் பழுதில்லை, அண்ணாச்சி. ஒரு ஜூலை மாதம், பனை ஓலை படபடக்கிற காற்றில், இறக்கையின் நுனியைக் குறுக்கே திருப்பிக்கொண்டு வரிசையாக எல்லாம் நின்றன. மீட்டரில் எண் நகரவில்லை. தேவை குறைந்தாலோ, மின்கம்பித் தடம் தாங்காவிட்டாலோ, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிவிடுவார்கள். கயத்தாறிலிருந்து காரைக்குடி வழியாகப் புகளூருக்கு 400 கிலோவோல்ட் தடம் போட்டதெல்லாம் இந்த நெருக்கடியைக் குறைக்கத்தான்.

பழைய காத்தாடியைக் கழற்றிப் பெரியது போடலாமா? (நில உரிமையாளர், பல்லடம்)

போடவே வேண்டும். நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் 225, 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் பிடித்திருக்கின்றன. இப்போது வருபவை 2,000 கிலோவாட்டைத் தாண்டியவை. மாநில அரசு 2024-இல் இதற்கென்றே கொள்கை கொண்டுவந்தது. சிக்கல் நிலத்தில்தான். பெரிய காத்தாடிக்கு இடைவெளி அதிகம் வேண்டும், பக்கத்து இயந்திரமோ வேறொருவருடையது. அவரோடு முதலில் பேசிவிடுங்கள்.

சூரிய மின்சாரம் வந்தபின் காற்று எதற்கு? (வாசகர், சென்னை)

சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடும், சீசனில் காற்று ராத்திரியும் அடிக்கும். மிஞ்சிய மின்சாரத்தைச் சேமிக்கவும் வழி உண்டு. ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் அந்த மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அது 1980-களிலேயே கட்டியது.