புதர்க்காட்டில் சத்தம் கேட்கிறது, பறவையைக் காணோமே?

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்குப் பறவைகள் என்றால் உயிர், ஆனால் முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. கடலோரப் புதர்க்காட்டில் ஒருமுறை நடந்தோம், சத்தம் மட்டும்தான் கேட்டது. எங்கே போகலாம்? என்ன பைனாகுலர் வாங்கலாம்? மொபைலில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

பதில்: அப்பாவை பேரன் கிரவுண்ட்ஸ் (Barren Grounds) என்ற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். சிட்னிக்குத் தெற்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம், ஜம்பெரூவுக்கும் ராபர்ட்சனுக்கும் நடுவே மலைமேல் இருக்கிற புதர்வெளி. அங்கே உள்ள கிரிஃபித்ஸ் டிரெயில் என்ற நடைபாதை முழுச் சுற்று ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அது உங்களுக்கு வேண்டாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நிதானமாகப் போய் அதே வழியில் திரும்பினால் போதும், ஏனென்றால் இந்த மாதிரி இடத்தில் நடக்க நடக்கப் பறவை குறையும், நிற்க நிற்கத்தான் கூடும்.

போன முறை உங்களுக்கு எதுவும் தெரியாமல் போனதற்கும் அநேகமாக இதுதான் காரணம். புதர்வெளியில் வாழ்கிறவை இடுப்பளவு செடிக்குள்ளேயே ஓடி இரை தேடுகிறவை, காலடி அதிர்ந்தால் அடங்கிவிடும். அதனால் பூத்திருக்கிற பாங்க்சியா புதர் ஒன்றைப் பார்த்து, அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டு, கால்மணி நேரம் பேசாமல் இருங்கள். நியூ ஹாலண்ட் ஹனிஈட்டர் கறுப்பு வெள்ளையில் மஞ்சள் இறக்கையோடு வரும், அப்புறம் ஈஸ்டர்ன் ஸ்பைன்பில், வளைந்த நீள அலகும் பூவில் தேன் எடுக்கிற விதமும் அப்பாவுக்கு நம்மூர் தேன்சிட்டைத்தான் ஞாபகப்படுத்தும். குட்டையான பழுப்புக் குருவிகள் கூட்டமாகத் தத்தினால் கூடவே நீலத் தலையோடு ஒன்று இருக்கிறதா பாருங்கள், அது ஆண் ஃபேரிரென். ஹனிஈட்டர்கள் எல்லாம் சேர்ந்து திடீரென்று கத்தினால் உடனே மேலே பாருங்கள், வேட்டைப் பறவை எதுவும் வந்திருக்கலாம்.

விடிந்த முதல் இரண்டு மணி நேரம் முக்கியம். காற்று பலமாக அடிக்கிற நாளில் போகவே போகாதீர்கள், எல்லாம் புதருக்குள் பதுங்கிவிடும், குரலும் கேட்காது. மேலே குளிரும் மூடுபனியும் அதிகம், வெயில் காலமானாலும் அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுங்கள்.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கத் தோன்றும், ஆனால் அதில் பார்வைப் பரப்பு குறுகிவிடும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், புதருக்குள் ஓடுகிறதைப் பிடிப்பதற்குள் போய்விடும்.

குரல் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே இருக்கிற ஈஸ்டர்ன் பிரிஸ்டில்பேர்ட் அழிவின் விளிம்பில் உள்ள இனம், கிழக்கு ஆஸ்திரேலியாவில் சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. சரியாகப் பறக்காது, தரையில் ஓடும். போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டு வெளியே வந்தால் நமக்கு ஒரு போட்டோ, அதற்கோ பெரிய நஷ்டம். அதிகாலையில் பாதையோரம் அசையாமல் நின்றால் அதுவாகவே குறுக்கே ஓடுவதைப் பார்க்கக் கிடைக்கும்.

கிளம்பும் முன் ஷூவில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், பாங்க்சியாவின் வேரை அழுகவைக்கும் நோய் மண்ணோடுதான் பரவுகிறது. திரும்பியதும் இருவரும் உடம்பில் உண்ணியோ அட்டையோ ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.