படித்தவர்கள் ஏன் விதண்டாவாதம் செய்கிறார்கள்?

ஒரு காரணம் கல்விச் செருக்கு. அதாவது, தனக்குத் தெரிந்ததையே தன் மதிப்பாக நினைப்பது. அதனால் கருத்தைத் திருத்தினால் ஆளையே தாழ்த்தியதுபோல் உறைக்கிறது. படிப்பு இதைத் தணிக்குமென்று எதிர்பார்ப்போம். ஆனால் நிறையப் படித்தவருக்குச் சொந்தப் பிழையையும் சரியென்று காட்டச் சான்று தேடத் தெரியும்; எதிரான சான்று கண்ணில் படாது. தினமும் ஒரே சாலையில் வண்டி ஓட்டுபவர் புதிதாக வைத்த மாற்றுப்பாதைப் பலகையைக் கவனிக்காமல் போவாரே, அப்படித்தான்.

நியாயம் என்னும் பழைய இந்தியத் தர்க்க மரபின் நூலோர் விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையை அறியப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தன் தரப்பென எதையும் நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை மட்டும் உடைப்பது விதண்டை. (விதண்டாவாதம் என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான்.) “எந்தச் சான்று காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது முதல் வகை அல்ல.

விடாமல் வாதிடுபவரெல்லாம் செருக்குள்ளவர் என்பது தவறு. ‘இவருக்கெல்லாம் பதிலா’ என்று மௌனமாக இருப்பவரிடமும் அது உண்டு.